வீட்டுக்குள் ஒரு விமானம்



எங்கள் வீட்டிற்கு எதிர்வீட்டில் ஒரு பெரியவர் வசித்து வருகிறார். என்னைவிட ஏழெட்டு ஆண்டுகள் மூத்தவர். 35 ஆண்டுகளுக்கு மேலாகப் பயணி விமானங்களைச் செலுத்தி, கடல்களையும் கண்டங்களையும் கடந்தவர். தெருவிலுள்ளோர் அனைவரும் அவரைக் ‘கேப்டன்’ என்றே அழைப்போம். அவர் என்னை ‘வாத்தியாரே’ என்பார். நாங்கள் இருவருமே ஓய்வு பெற்றவர்கள். ஆயினும் எங்கள் ஓய்வுகளுக்குள் ஒரு வேற்றுமை உண்டு. பள்ளியை விட்டு வந்த பிறகும், திண்ணையில் நான்கு பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லித்தர என்னை எவரும் தடுக்க மாட்டார்கள். அவர் நிலை அத்தகையதன்று. பயணி விமானம் ஓட்டுபவர்க்கு வயது வரம்பு உண்டு. உலக நாடுகள் பலவற்றிற்கும் பொதுவான விதி முன்பு 60 வயது என்று இருந்தது. 2006-ஆம் ஆண்டில் அது 65 ஆக உயர்த்தப்பட்டது. அந்தப் பிறந்தநாள் வந்துவிட்டால், எத்துணைத் திறமை இருப்பினும், உடல்நலம் எத்துணைச் செம்மையாக இருப்பினும், பயணிகளை ஏற்றிய விமானத்தின் முன்னிருக்கையில் அவர் அமர இயலாது. நேற்றுவரை கைகளில் இருந்த தொழில் இன்று காலை கைகளைவிட்டுப் போய்விடுகிறது.

ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் அவர் பட்ட துன்பத்தை நான் அறிவேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து கொள்வார்; புறப்பட வேண்டிய இடமோ ஒன்றுமில்லை. விமான ஒலி கேட்டால் மாடிக்கு ஏறி வானத்தைப் பார்ப்பார்; இறங்கி வந்தபின் நெடுநேரம் எவரோடும் பேசமாட்டார். அவருடைய மனைவியார் மிகவும் கவலையுற்றிருந்தார்.

பின்னர் ஒருநாள் அவர் வீட்டின் பின்னறையிலிருந்து விமானப் பொறிகளின் இரைச்சல் கேட்டது. சென்று பார்த்தேன். மேசைமேல் அகன்ற கணிப்பொறித் திரை. அதன்முன் விமானத்தில் உள்ளது போன்றதொரு கைப்பிடிச் சக்கரம். பக்கத்தில் விசையைக் கூட்டவும் குறைக்கவும் நெம்புகோல்கள். மேசைக்கடியில் இரண்டு மிதிகள். திரையில் மேகங்களுக்கு நடுவே ஒரு நகரம் மெல்ல மெல்ல எழுந்து வந்து கொண்டிருந்தது. கேப்டன் முகத்தில் ஓராண்டாக நான் காணாத ஒளி இருந்தது. சமையலறையிலிருந்து அம்மையாரின் குரல் வந்தது: “எந்த ஊர் வரைக்கும் வந்திருக்கிறீர்கள்? காப்பி ஆறிப் போகிறது!”

இதற்குப் பாவனைப் பறப்பு என்று பெயர் சொல்லலாம்; ‘ஃபிளைட் சிமுலேட்டர்’ என்று மாணவர்கள் பலரும் கேள்வியுற்றிருப்பீர்கள். இது வெறும் விளையாட்டா, கல்வியா, அல்லது முதுமையின் ஏக்கமா? இவ்வினாவே இன்றைய பேச்சின் பொருள். விடை காண வேண்டுமாயின், இக்கருவி எவ்வாறு பிறந்தது, எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மனிதன் பறக்கக் கற்ற சில ஆண்டுகளிலேயே, தரையில் இருந்தபடி பறப்பைப் பழகும் முயற்சியும் தொடங்கிவிட்டது. ரைட் சகோதரர்கள் முதன்முதலாக விமானத்தில் பறந்தது 1903-இல். 1910-ஐ ஒட்டிய காலத்தில் பிரான்சு நாட்டில், ‘ஆன்டுவானெட்’ என்னும் விமானத்தை ஓட்டக் கற்போருக்காக ஒரு வேடிக்கையான சாதனம் செய்தனர். ஒரு மரப்பீப்பாயை இரண்டாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றை அமைத்து, அதன்மேல் மாணவனை உட்கார வைத்தனர். துணைவர்கள் அதனை இங்குமங்கும் ஆட்டுவர். மாணவன் தன்முன் உள்ள சக்கரங்களைத் திருப்பிச் சமநிலையைக் காக்க வேண்டும். அறுத்த பீப்பாயே இன்றைய நுண்கருவிகளின் முப்பாட்டன்!

இத்துறையில் நிலைத்த புகழ் பெற்றவர் அமெரிக்கரான எட்வின் லிங்க் என்பவர். நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் என்னும் ஊரில் அவருடைய தந்தையார் பியானோவும், ஆர்கன் என்னும் பெரிய காற்றிசைக் கருவியும் செய்யும் தொழிற்சாலை நடத்தி வந்தார். 1920-ஆம் ஆண்டில் இளைஞரான லிங்க் 50 டாலர் கொடுத்து முதல் விமானப் பாடம் பெறச் சென்றார். ஆசிரியர் அவரை ஏற்றிக்கொண்டு வானத்தில் பலவாறு சுழன்று காட்டிவிட்டுத் தரையில் இறக்கினார். மாணவரைக் கட்டுப்பாட்டுக் கோலைத் தொடக்கூட விடவில்லை. பணம் கொடுத்துப் பாடம் கேட்கப் போனவர் வெறும் பயணியாகத் திரும்பினார். நானும் ஆசிரியன் என்பதனால் சொல்கிறேன்: மாணவன் கைகட்டிப் பார்த்திருக்க, ஆசிரியர் மட்டுமே செய்து காட்டும் பாடம் அரைப்பாடமே.

ஆர்கன் கருவி துருத்திகளால் இயங்குவது. நம்மூர் ஆர்மோனியத்தின் துருத்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காற்றை அடைத்தால் துருத்தி உப்பும், விட்டால் தணியும். லிங்க் இதனைக் கொண்டே சிந்தித்தார். சிறியதொரு மரக்கூண்டைச் செய்து, குட்டையான சிறகுகளை ஒட்டி, அதனைத் துருத்திகளின்மேல் நிறுத்தினார். உள்ளே அமர்ந்தவர் கட்டுப்பாட்டுக் கோலை அசைத்தால் காற்றுவழிகள் திறந்து மூடும். ஒருபக்கத் துருத்தி உப்ப, மறுபக்கத் துருத்தி சுருங்க, கூண்டு சாயும், நிமிரும், திரும்பும். 1929-இல் இக்கருவி உருப்பெற்றது. ஆனால் விமானப் பள்ளிகள் இதனைப் பெரிதாக மதிக்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்களே இதனை வாங்கின. காசு போட்டு ஏறி ஆடும் பொம்மையாகவே இது முதலில் மக்களிடம் அறிமுகமாயிற்று.

பொம்மையைப் பாடசாலை ஆக்கியது ஒரு துயரம். 1934-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்காவில் வானஞ்சல் கொண்டு செல்லும் பொறுப்பு இராணுவ விமானிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அது கடுங்குளிர்காலம். இரவிலும் பனியிலும் மேகத்திலும், கண்ணால் தரையைக் காணாமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் பயிற்சி அவ்விமானிகளிற் பலருக்கு இல்லை. சில வாரங்களுக்குள்ளாகவே விபத்துகள் நேர்ந்து இளைஞர் பலர் உயிரிழந்தனர். அதன் பிறகே அதிகாரிகள் லிங்கின் கூண்டை நினைத்தனர். அக்கருவியை விளக்கிக் காட்ட லிங்க் தாமே விமானத்தை ஓட்டிக்கொண்டு மூடுபனிக்கிடையில் நியூவார்க் நகரில் வந்திறங்கினார். இந்த வானிலையில் எவரும் வர இயலாது என்று எண்ணியிருந்த அதிகாரிகளுக்கு அந்த வருகையே போதிய சான்றாயிற்று. ஒன்று 3,500 டாலர் விலையில் ஆறு கருவிகளை இராணுவம் வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கரும் அவர்தம் நேச நாட்டினருமாக ஏறத்தாழ 5 லட்சம் விமானிகள் இந்த நீலநிறக் கூண்டில் அமர்ந்து பயின்றனர் என்பர்.

மேகத்திற்குள் பறப்பது அத்துணை அருமையானதா என்று நீங்கள் வினவலாம். அதன் காரணத்தை நீங்களே சோதித்து அறியலாம். சிறுவயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள் அல்லவா? சுற்றி நின்றபின் நீங்கள் நிற்கிறீர்கள். உலகம் எதிர்ப்புறமாகச் சுழல்கிறது. நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றுள் ஒருவகைத் திரவம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது குழாய் திரும்பும். திரவமோ சற்றுப் பின்தங்கும். அந்தப் பின்தங்கலே நமக்குத் ‘திரும்புகிறோம்’ என்ற உணர்வைத் தருகிறது. ஆனால் திரும்புதல் ஒரே சீராக நீடித்தால் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும்; உணர்வும் நின்றுவிடும். அப்போது விமானம் சாய்ந்து வளைந்து கொண்டிருந்தாலும், நேராகப் போவதாகவே விமானி எண்ணுவார். நேராக்கினாலோ, எதிர்ப்புறம் சாய்ந்துவிட்டதாக உடல் பொய் சொல்லும். உடலை நம்பி மீண்டும் சாய்த்தால், விமானம் வளைந்து வளைந்து கீழிறங்கிப் பாழாகும்.

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இதனை ஆராய்ந்தனர். கருவிப் பறப்பில் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே காண இயலாத நிலையை உண்டாக்கி, விமானத்தைச் செலுத்தச் செய்தனர். உடனிருந்த ஆசிரியர் விபத்து நேராமல் காத்தார். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தனர். அவர்கள் தாங்கிய சராசரி நேரம் 178 விநாடிகள். அதாவது மூன்று நிமிடத்திற்கும் குறைவு. தன் உடல் சொல்வதை மறுத்துக் கருவி சொல்வதை நம்புவது இயற்கையாக வருவதன்று. பழகிப் பெற வேண்டியது. அந்தப் பழக்கத்தை எவருக்கும் தீங்கு நேராத இடத்தில் பெறச் செய்வதே பாவனைப் பறப்பின் முதற்பயன்.

இனி இன்றைய கருவி இயங்கும் விதத்தைக் காண்போம். துருத்தியின் இடத்தை இன்று கணிதம் பிடித்துக் கொண்டது. பறக்கும் விமானத்தின்மேல் நான்கு விசைகள் செயற்படுகின்றன. அதனைக் கீழே இழுக்கும் எடை ஒன்று. சிறகுகள் தரும் தூக்குவிசை இரண்டு. பொறிகள் தரும் உந்துவிசை மூன்று. காற்று தடுத்து நிறுத்தும் எதிர்விசை நான்கு. இவற்றுள் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மற்றவை மாறாதிருக்க, வேகம் பாதியானால் தூக்குவிசை கால்பங்காகிவிடும். ஆகையினாலேதான் இறங்கும் நேரத்தில் வேகத்தைக் குறைக்கும் விமானி, மூக்கைச் சற்று உயர்த்தியும், சிறகின் பின்விளிம்புத் தகடுகளை நீட்டியும் அந்தக் குறையை ஈடு செய்கிறார். கணிப்பொறி இந்த நான்கு விசைகளையும் ஒவ்வொரு விநாடிக்கும் பலமுறை கணக்கிட்டு, விமானம் எங்கே இருக்கும், எப்படிச் சாய்ந்திருக்கும் என்று கண்டு, அந்த இடத்திலிருந்து தோன்றும் காட்சியைத் திரையில் வரைகிறது. நாம் காண்பது சித்திரம். அதன் பின்னே ஓடுவது பௌதிக நூல்.

இதனை வீடுகளுக்குக் கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர் புரூஸ் ஆர்ட்விக். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1975-இல் அவர் எழுதிய ஆய்வுரை, பறப்பைக் கணிப்பொறித் திரையில் காட்டும் முறையைப் பற்றியதே. 1980-ஐ ஒட்டிச் சிறிய வீட்டுக் கணிப்பொறியில் ஓடும் பறப்பு நிரலை அவர் வெளியிட்டார். அதன் வழிவந்த நிரலை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1982-இல் வெளியிட்டது. அந்நாளில் திரையில் தெரிந்தவை சில கோடுகளே. மலை என்றால் ஒரு முக்கோணம், நகரம் என்றால் சில கட்டங்கள். 2020-இல் வந்த பதிப்போ, வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு உலக முழுவதையும் காட்டுவது. ஆயிரக்கணக்கான விமான நிலையங்கள் அதில் உள்ளன. அந்த நேரத்தில் அவ்வூரில் உண்மையாகவே மழை பெய்தால், திரையிலும் மழை பெய்யும்படி அமைத்துக் கொள்ளலாம்.

விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் பெரிய பாவனைப் பொறிகள் வேறு வகையின. அவை உண்மையான விமானியறை போன்ற பெரிய கூண்டுகள். நீண்டு சுருங்கும் ஆறு கால்களின்மேல் நிற்பவை. ஒரு சிறு தந்திரத்தை மட்டும் சொல்கிறேன். விமானம் ஓடுபாதையில் விரைந்து ஓடும்போது முதுகு நாற்காலியில் அழுந்துமல்லவா? தரையில் நிற்கும் கூண்டு எங்கே ஓடும்? கூண்டை மெல்லப் பின்புறமாகச் சாய்த்துவிடுவார்கள். கண்முன் உள்ள காட்சியை மட்டும் சாயாமல் வைத்துவிடுவார்கள். உடலின் எடையே முதுகை நாற்காலியில் அழுத்த, கண் ‘சமமாக இருக்கிறோம்’ என்று சொல்ல, மூளை அதனை வேகம் என்றே கொள்ளும். மேகத்தில் விமானியை ஏமாற்றிய அதே உட்காதை இங்கே நல்லாசிரியர் நன்மைக்காக ஏமாற்றுகிறார்.

எதிர்வீட்டிற்குத் திரும்புவோம். பாவனைப் பொறி கேப்டனுக்குப் புதியதன்று. பணியிலிருந்த காலமெல்லாம் ஏறத்தாழ ஆறு மாதத்திற்கு ஒருமுறை அவர் அந்தப் பெரிய கூண்டிற்குள் சென்றாக வேண்டும். உள்ளே தேர்வாளர் ஒருவர் இருப்பார். புறப்படும் கணத்தில் ஒரு பொறியை அணைப்பார், புகை என்பார், காற்றைத் திருப்பி விடுவார். தேறாவிட்டால் பணியே ஐயத்துக்கிடமாகும். “வாத்தியாரே, முப்பது வருஷமாக நான் அஞ்சி நடுங்கிய பெட்டி அது. அந்த வாரம் முழுவதும் எனக்கு உறக்கம் வராது. இன்று அதையே வீட்டில் வாங்கி வைத்துக் கொண்டு குழந்தைபோல் விளையாடுகிறேன், எனக்கே விந்தையாக இருக்கிறது,” என்று அவர் ஒருநாள் சொன்னார்.

இன்னொரு செய்தியையும் அவர் மறைக்கவில்லை. வீட்டுக் கருவியில் முதன்முறை தரையிறங்கியபோது அவர் தோற்றுவிட்டார். ஆயிரக்கணக்கான முறை பயணிகளைப் பத்திரமாக இறக்கியவருடைய விமானம், திரையில் ஓடுபாதைமேல் மோதித் துள்ளி விழுந்தது. அருகிலிருந்த பேரன் கைகொட்டிச் சிரித்தான். காரணம் யாது? தரையை அணுகும் கடைசிக் கணங்களில் விமானி நேரே மட்டும் பார்ப்பதில்லை. கடைக்கண்ணில் இருபுறமும் தரை விரிந்து எழுவதைக் கொண்டு உயரத்தை மதிப்பிடுகிறார். இருக்கை கீழே நழுவுவதை உடலால் அறிகிறார். மேசைத்திரை ஒரு சிறு சன்னலே. கடைக்கண்ணுக்கு அதில் வேலையில்லை, இருக்கையும் அசைவதில்லை. தம் திறமையில் எவ்வளவு பங்கு தாம் அறியாமலே உடலில் குடியிருந்தது என்பதை, அந்தத் திறமை பயன்படாத இடத்தில்தான் அவர் கண்டுகொண்டார். பிறகு பொறுமையோடு, உயரமானியையும் இறங்கும் வேகத்தையும் பார்த்துப் பார்த்து, புதிய மாணவனைப்போல் மீண்டும் கற்றார்.

ஆகவே மாணவர்களே, வீட்டுக் கருவியில் பழகிவிட்டால் விமானம் ஓட்டத் தெரிந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். கருவிகளைப் படிக்கவும், திசை காணவும், செய்ய வேண்டியவற்றை வரிசை பிறழாது நினைவில் நிறுத்தவும் அது உதவும். ஆனால் அதில் மட்டுமே பழகியவர் உண்மை விமானத்தில் ஏறினால், சன்னலுக்கு வெளியே பாராமல் கருவிகளையே பார்த்துக் கொண்டிருக்கும் குறை அவரிடம் தங்கிவிடக் கூடும். அச்சம் என்பதும் வீட்டுக் கருவி கற்றுத்தராத பாடம்.

இதற்கு மறக்கவொண்ணாத எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2009-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், நியூயார்க் நகரத்து லாகார்டியா நிலையத்திலிருந்து 155 பேருடன் ஒரு விமானம் புறப்பட்டது. சிறிது நேரத்தில் காட்டு வாத்துக் கூட்டம் மோதி, இரண்டு பொறிகளுமே ஏறக்குறைய முழுவதும் வலுவிழந்தன. கேப்டன் சல்லன்பெர்கரும் துணைவிமானி ஸ்கைல்ஸும் அதனை ஹட்சன் ஆற்றின்மேல் இறக்கினர்; 155 பேரும் உயிர் தப்பினர். பின்னர் விசாரணையாளர், விமான நிலையத்துக்கே திரும்பியிருக்க இயலாதா என்று பாவனைப் பொறியில் சோதித்தனர். பறவைகள் மோதிய அக்கணமே திரும்பிய விமானிகளுள் சிலர் ஓடுபாதையை எட்டிவிட்டனர். ஆனால் நேர்ந்தது இன்னதென்று உணர்ந்து முடிவு செய்ய ஒரு மனிதனுக்குத் தேவையான நேரம் என்று 35 விநாடிகளைச் சேர்த்துச் சோதித்தபோது, அந்த முயற்சி நிலையத்தை எட்டவில்லை. பொறியில் அமர்ந்தவர்க்கு என்ன நேரப்போகிறது என்பது முன்னமே தெரியும். ஆற்றின்மேல் பறந்தவர்க்குத் தெரியாது. பாவனைக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தொலைவு அந்த 35 விநாடிகளில் அடங்கியிருக்கிறது.

இவ்வளவையும் அறிந்த கேப்டனிடம் ஒருநாள் துணிந்து கேட்டேன்: “கேப்டன், எல்லாம் பொய் என்று தெரிந்தும் இதில் உங்களுக்கு என்ன இன்பம்? மனத்தை ஏமாற்றிக் கொள்வதாகாதா?”

அவர் உடனே விடை கூறவில்லை. கருவியை இயக்கி, “ஹாங்காங், கைடாக் நிலையத்தில் இறங்கப் போகிறேன், பாருங்கள்,” என்றார். அந்த நிலையம் உலக விமானிகளிடையே பெயர் பெற்றது. ஓடுபாதை கடலுக்குள் நீண்டு கிடக்கும். ஒருபுறம் மலைகளும் மாடிவீடுகளும் நெருங்கி நிற்கும். நேராக வந்து இறங்க வழியில்லை. சதுரங்கப் பலகைபோல் கட்டங்கள் தீட்டிய ஒரு குன்றை நோக்கி வர வேண்டும். குன்று கண்ணுக்குத் தெரிந்ததும், தாழ்வான உயரத்தில் வலப்புறம் 47 பாகை திரும்பி, கூரைகளை ஒட்டியவாறு ஓடுபாதையைப் பிடிக்க வேண்டும். கேப்டன் பேசாமல் திரும்பினார். வீட்டு மாடிகள் திரையில் விரைந்து பின்னோடின. சக்கரங்கள் மெதுவாகத் தரையைத் தொட்டன. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

“இந்த நிலையத்தை 1998-இலேயே மூடிவிட்டார்கள், வாத்தியாரே. ஓடுபாதையும் இன்று அங்கே இல்லை. ஓட்டும் உரிமையும் இன்று என்னிடம் இல்லை. ஆனால் எங்கே திரும்ப வேண்டும் என்பது மட்டும் இந்தக் கைகளில் இருக்கிறது. அது இருக்கிறதா என்று பார்த்துக் கொள்கிறேன், வேறொன்றுமில்லை,” என்றார்.

இவ்வாறு மண்ணில் மறைந்தும் திரையில் வாழும் நிலையங்கள் வேறும் உள்ளன. சிகாகோ நகரத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் மேக்ஸ் ஃபீல்டு என்றொரு சிறு விமான நிலையம் இருந்தது. நான் முன்பு கூறிய வீட்டுப் பறப்பு நிரலின் பதிப்புகள் பலவற்றில் பயணம் தொடங்கும் இடம் அதுவே. உலகெங்குமுள்ள எண்ணற்ற இளைஞர்கள் சிகாகோவைக் காணாமலே அந்த ஓடுபாதையின் ஒவ்வொரு முழத்தையும் அறிந்திருந்தனர். 2003-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் இரவில், அந்நகர மேயர் டேலியின் ஆணைப்படி ஓடுபாதை வெட்டிச் சிதைக்கப்பட்டது. பாவனைப் பறப்பில் மட்டும் இன்றும் அங்கிருந்து புறப்படலாம்.

கேப்டன் சொன்ன விடையை நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். அவர் இளமையில் பாவனைப் பொறியில் பழகியது தேர்வுக்காக, தேறியது பணிக்காக. இன்று தேர்வாளரும் இல்லை, சம்பளமும் இல்லை, பாராட்ட அருகில் எவரும் இல்லை. ஆயினும் சிறு பிழை நேர்ந்தால் மீண்டும் சென்று, மீண்டும் இறங்கி, அதனைத் திருத்திக் கொள்கிறார். செய்வதைச் செவ்வனே செய்வதில் உள்ள இன்பம் ஒன்றே அவர் பெறும் கூலி. நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில், சக மாணவர்களையே சிறுபிள்ளைகளாகப் பாவித்து மாதிரிப் பாடம் நடத்துவோம். பின்வரிசையில் விரிவுரையாளர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்பார். அவர் கண்ணையே பார்த்துப் பேசினோமேயன்றிப் பாடத்தின் சுவையை அன்று நாங்கள் உணரவில்லை. தேர்வு கல்விக்கு இன்றியமையாதது. ஆனால் தேர்வோடு முடிந்துவிடும் கல்வி நம்முடையது ஆகாது. தேர்வு முடிந்த பிறகும் எந்தப் பாடத்தை நீங்கள் திறந்து பார்க்க விரும்புகிறீர்களோ, அதுவே உங்களுக்குரிய பாடம்.

முடிக்குமுன் ஒரு சிறு நிகழ்ச்சி. விமானிகள் தாம் பறந்த ஒவ்வொரு மணியையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பர். கேப்டனுடைய பதிவேடுகள் அலமாரியில் வரிசையாக உள்ளன. கடைசிப் பதிவேட்டில் அவருடைய இறுதிப் பயணத்தைக் குறித்து, அதன்கீழ் ஒரு கோடு கிழித்திருக்கிறார். கணிப்பொறியில் பறந்த பயணங்களுக்குத் தனியாக ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம்; அதன் அட்டைமேல் ‘பாவனை’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார். எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணொருத்தி மாலை வேளைகளில் அவரிடம் வந்து கருவிகளைப் பற்றிக் கேட்டறிவாள். அவள் ஒருநாள் இரண்டையும் பார்த்துவிட்டு, “தாத்தா, இரண்டையும் கூட்டினால் மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்?” என்று கேட்டாள்.

“கூட்டக் கூடாது அம்மா,” என்றார் கேப்டன். “அதில் ஒவ்வொரு மணிக்கும் என் பின்னால் நூற்றுக்கணக்கானோர் என்னை நம்பி உறங்கிக் கொண்டிருந்தார்கள். இதில் எவரும் இல்லை. இரண்டும் எனக்குப் பிரியமானவையே. ஆனால் ஒரே கணக்கு ஆகமாட்டா.”

அந்தப் பெண் சற்றுநேரம் எண்ணியிருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சக்கரத்தைப் பற்றினாள். “சரி தாத்தா, முதலிலிருந்து சொல்லுங்கள்,” என்றாள். லிங்குக்கு வாய்த்த அந்த முதல் ஆசிரியரைப் போலன்றிக் கேப்டன் தம் கைகளை மடியில் வைத்துக் கொண்டார், அவளையே ஓட்டவிட்டார்.